மூலை வெட்டாத தட்டு

சென்னை விமான நிலையத்தில் அதிகாரி என் கடவுச்சீட்டைப் புரட்டிவிட்டு, எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அடுப்பு வாங்க என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "விறகு அடுப்புங்க. குளிர் காயிறதுக்கு" என்று நான் விளக்கியதும் அவர் முகம் இன்னும் குழம்பியது. வெளியே ஐப்பசி வெயில் தார்ச் சாலையை உருக்கிக்கொண்டிருந்தது. முத்திரையைக் குத்தி, சிரிப்பை அடக்கிக்கொண்டு அனுப்பி வைத்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நுவரெலியாவில் நானும் என் கணவரும் நான்கு அறைகள் கொண்ட ஒரு சிறிய விடுதி நடத்துகிறோம். மார்கழி, தை மாதங்களில் அங்கே புல்வெளியெல்லாம் வெள்ளையாகப் பனி படிந்து கிடக்கும். முன்னறையில் ஓர் இரும்பு அடுப்பு இல்லாமல் விருந்தினர் தங்க மாட்டார்கள். நான்கு பக்கமும் மூடிய பெட்டி மாதிரி, முன்னால் கண்ணாடிக் கதவு, மேலே கூரையைத் தாண்டிப் போகும் புகைக்குழாய் என்று இருக்கும் அடுப்பு அது. எங்களிடம் இருந்த பழைய அடுப்பு போய்விட்டது. கொழும்பில் பிரியாணிக் கடை வைத்திருக்கும் உறவினர் ஒருவர், தன் அடுப்புகளை எல்லாம் வடசென்னை எர்ணாவூரில் தாஸ் என்பவர்தான் செய்து கொடுத்தார் என்றார். தொலைபேசியில் படம் அனுப்பினேன். "செஞ்சிடலாம் கா" என்றார் தாஸ். கப்பலில் ஏற்றும் முன்னால் அது எரிவதை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். என் கணவரால் இப்போது நீண்ட பயணம் போக முடியாது. எனவே வாழ்க்கையில் முதல் முறையாகத் தனியாகக் கடல் கடந்தேன்.

ராயபுரத்தில் ஒரு விடுதியின் மூன்றாம் மாடியில் அறை கிடைத்தது. காலையில் இடியாப்பமும் பாயாவும் சாப்பிட்டேன். நாங்கள் இடியாப்பத்தைத் தேங்காய்ச் சம்பலோடு காரமாகச் சாப்பிடுகிறவர்கள். இங்கே பக்கத்து மேசைக்காரர் அதன்மேல் தேங்காய்ப் பாலும் சர்க்கரையும் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார். நான் பார்ப்பதைப் பார்த்து, "இன்னா மா, ஊருக்குப் புச்சா" என்றார். இலங்கை என்றதும் தேயிலை விலை கேட்டார். தேயிலை நாட்டிலிருந்து வந்தவளுக்குக் கிடைத்த தேநீர் கறுப்பாக, காய்ச்சிக் காய்ச்சிச் சுண்டிய மருந்துபோல இருந்தது. ஆனாலும் இரண்டு கிளாஸ் குடித்தேன்.

மெட்ரோ ரயிலில் விம்கோ நகர் போய் இறங்கினேன். தாஸ் மோட்டார் சைக்கிளோடு காத்திருந்தார். நாற்பது வயது இருக்கும். கண்ணோரம் வெல்டிங் பொறி பட்ட சின்னச் சின்னத் தழும்புகள். பின்னால் உட்கார்ந்துகொண்டு கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போனபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூக்கை மூட முடியவில்லை. வழிநெடுக வாசனை மாறிக்கொண்டே வந்தது. தாஸ் ஒவ்வொன்றுக்கும் பெயர் சொன்னார். இது எண்ணெய். இது ரசாயனம். இது முகத்துவாரத்துச் சேறு.

பட்டறையில் அவருடைய மனைவி கலா இருந்தார். ஆர்டர் எடுப்பது, தகடு அளப்பது, ஆட்களை விரட்டுவது எல்லாம் கலாதான். இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். வாசனையைப் பற்றிச் சொன்னேன்.

"மூக்குதான் கா இங்க எங்களுக்கு சைரன்" என்றார் கலா. "கம்பெனில கேஸு லீக்காயி வாசன மாறிச்சுன்னா போதும். புள்ளைங்கள இட்டுகினு ஓடிடுவோம். வாசன இல்லன்னா பயம் இல்ல."

நான் தலையாட்டி வைத்தேன். அந்தக் கடைசி வார்த்தை மட்டும் அன்று முழுக்க என் நெஞ்சுக்குள் உருண்டுகொண்டிருந்தது.

மறுநாள் அடுப்பைப் பற்றவைத்தார்கள். பட்டறைக்குப் பின்னால் சிமெண்டுக் கூரை போட்ட ஒரு சின்ன அறை. முடித்த சாமான்களை அங்கேதான் வைப்பார்கள். குளிர்நாட்டு வீடு போல எல்லாப் பக்கமும் மூடிய அறையில் வைத்து எரித்துப் பார்க்க வேண்டும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். ஜன்னலை அடைத்து, குழாயை மேலே ஓட்டை போட்டு வெளியே விட்டிருந்தார் தாஸ். அடுப்பு அழகாக இருந்தது. பழைய கப்பல் தகடு. ஒரு மூட்டிலும் வெளிச்சம் தெரியவில்லை.

தாஸ் எனக்கு ஒவ்வொன்றாகக் காட்டினார். கீழே சாம்பல் தட்டுக்குப் பக்கத்தில் ஓர் இழுப்புத் தகடு. இழுத்தால் விறகுக்கு அடியிலிருந்து காற்று ஏறும். கண்ணாடிக்கு மேலே இன்னொன்று. அது நெருப்பின் தலைக்கு மேல் காற்று விடும். புகை எரியவும், கண்ணாடி கறுக்காமல் இருக்கவும் அது வேண்டும். மூன்றாவது, புகைக்குழாய்க்குள் ஒரு வட்டத் தட்டு. வெளியே ஒரு கைப்பிடி. கைப்பிடி குழாயோடு நேராக நின்றால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது.

மூன்றையும் திறந்து வைத்துச் சிறாய் போட்டுப் பற்றவைத்தார். குழாய் சூடாகிச் சீராக உறுமத் தொடங்கியதும் கீழ்த் தகட்டைச் சாத்தினார். மேல் தகட்டைப் பாதி தள்ளினார். தீ கொழுந்து குறைந்து மஞ்சளாக, சோம்பலாக ஆடியது. பிறகு பெருமையோடு குழாயின் கைப்பிடியைப் பிடித்துக் குறுக்கே திருப்பினார். டக் என்று ஒரு சத்தம்.

"பாத்தியா கா. ஒரு நூலு போவாது. ஃபுல் டைட்டு. வெறகு தணலாயிட்ச்சின்னா இத்த மூடிக்கினு படு. காலைல வரைக்கும் சூடு நிக்கும்."

எனக்கு உடனே கையை நீட்டி அதைத் திருப்பித் திறக்கவேண்டும் போல இருந்தது. ஆனால் கை நகரவில்லை. பத்து மாதமாக நான் எந்த அடுப்பின் கைப்பிடியையும் தொட்டதில்லை.

"தம்பி, அதத் தொறந்துருங்க" என்றேன். திறந்தார். "அந்தத் தட்டுல ஒரு மூல வெட்டிருங்க. கால்வாசி. எப்ப மூடினாலும் கொஞ்சம் வழி இருக்கணும்."

"இன்னாத்துக்கு கா? இத்த டைட்டா ஒக்கார வைக்க எனக்கு ரெண்டு நாள் ஆச்சு. நீதானே சூடு நிக்கணும்னு சொன்ன."

இந்த இடத்தில் நான் நிறுத்தி, நுவரெலியாவில் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும். தாஸிடம் அப்போது சொல்லாததை வாசிப்பவர்களிடமாவது சொல்கிறேன்.

கடந்த தை மாதம் என் கணவருக்குக் காய்ச்சல். அடுப்பு இருக்கும் முன்னறையில் படுக்கை போட்டுக்கொடுத்தேன். விறகு தணலாகிச் சிவந்து கிடந்தது. சூடு வீணாகப் போகிறதே என்று குழாய்த் தட்டை முழுக்க மூடிவிட்டு நான் உள்ளறையில் போய்ப் படுத்தேன். தணலிலிருந்து புகையும் வராது, வாசனையும் வராது. ஆனால் ஒரு விஷக் காற்று வரும். போக வழி இல்லையென்றால் அது அறைக்குள் இறங்கும். விடிந்து பார்த்தபோது அவர் தரையில் கிடந்தார். ஆஸ்பத்திரியில் பிராணவாயு கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். அதன் பிறகு அவருடைய வலது கை நடுங்குகிறது. ஒரு வார்த்தையைத் தேடி எடுக்க அவருக்கு நேரம் பிடிக்கிறது.

எல்லோரும் எப்படி நடந்தது என்று கேட்டார்கள். அடுப்பில் வெடிப்பு விட்டிருக்கிறது என்று சொன்னேன். அவரிடமும் அதையேதான் சொன்னேன். வெடிப்பு இருக்கவில்லை. தட்டை மூடியது என் கை.

தாஸின் கேள்விக்குப் பதில் சொன்னால் இவ்வளவையும் சொல்ல வேண்டும். "எங்க ஊர்ல அப்படித்தான் செய்வாங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. கைவேலைக்காரரிடம் காரணம் சொல்லாமல் அவர் செய்ததை வெட்டச் சொல்வது அவமானம் என்று எனக்குத் தெரியும்.

பையிலிருந்து ஒரு சின்ன வெள்ளைக் கருவியை எடுத்துச் சுவரில் மாட்டினேன். அந்தக் கெட்ட காற்று அறையில் சேர்ந்தால் கத்தும் கருவி. என் கணவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு வாங்கியது. பொத்தானை அழுத்திச் சோதித்தேன். வீல் என்று கத்தியது.

"இன்னா கா அது, கொசு மிஷினா" என்றார் தாஸ்.

"புகை வந்தா கத்தும்" என்றேன். அதுவும் முழு உண்மை இல்லை. புகைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் சரியாகச் சொல்லப்போனால் அடுத்த கேள்வி வரும். கருவியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் கடற்கரை ரயில் நிலையத்துப் பக்கம் அத்தோ சாப்பிட்டேன். பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த பலகாரம் என்றார்கள். மஞ்சள் நூடுல்ஸில் வெங்காயம், கோஸ், புளித்தண்ணீர் எல்லாம் சேர்த்துக் கையாலேயே பிசைந்து கொடுத்தார் கடைக்காரர். பக்கத்தில் நின்ற இரண்டு துறைமுகத் தொழிலாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. "மழ வரப்போவுது மாமு. காத்து திரும்பிட்ச்சி" என்றார் ஒருவர். நல்ல சாப்பாடு. பாதிக்கு மேல் இறங்கவில்லை. நாளைக்குச் சொல்லிவிடுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பத்து மாதமாக இதைத்தான் சொல்லிவருகிறேன்.

மழை வந்தது. எங்கள் ஊர் மழை மெல்லியது, நாள் முழுக்க நசநசக்கும். இது ஊரைக் கழுவித் தள்ளிவிடும்போல் கொட்டியது. காலை எட்டு மணிக்கு விடுதிக்கு முன்னாலேயே கணுக்கால் தண்ணீர். மெட்ரோ நிலையம்வரை போகவே ஆட்டோ வேண்டும். சலீம் என்ற ஆட்டோக்காரர், ஐம்பது வயது, வெள்ளைத் தாடி, "ஹைரோடு ஃபுல்லா தண்ணி மா. பீச் பக்கமா நேரா எர்ணாவூருக்கே வுட்டுர்றேன்" என்றார். ஏறிக்கொண்டேன்.

விரைவுச் சாலையில் ஒரு மைல் போனோம், அவ்வளவுதான். இரண்டு பக்கமும் கன்டெய்னர் லாரிகள் அசையாமல் நின்றன. வலது பக்கம் கடல் பாறைகள்மேல் ஏறி ஏறி விழுந்தது. ஆட்டோ ஊர்ந்தது, நின்றது, ஊர்ந்தது. ஒன்றரை மணி நேரத்தில் திருவொற்றியூரைத் தாண்டியிருப்போம். அப்போது கலா தொலைபேசியில் கூப்பிட்டார்.

"யக்கா, இந்த மழைல நீ வர வாணா. நானே அடுப்ப பத்த வெச்சிக்கினு குந்திகினு கீறேன். புள்ளைங்க வூட்ல கீதுங்க, அதுங்க யூனிபாரம் ராத்திரி தோச்சது காயவே இல்ல. இங்க கட்டித் தொங்க வுட்டேன், சூப்பரா காயுது. அவர் சொன்ன மாரி அந்தத் தட்ட மூடிட்டேன். செம சூடு கா, ஊட்டி மாரி."

"கலா, தட்டத் தொறங்க" என்றேன்.

"இன்னா கா? கேக்கல. மழ சத்தம். ஆங், உன் மிஷினு சொம்மா கத்திக்கினே இருந்திச்சு. புகையே இல்ல, ஒண்ணியும் இல்ல. பேஜாரா போச்சு. பேட்டரிய கழட்டி வெச்சிட்டேன், கோச்சிக்காத. தலதான் கொஞ்சம் வலிக்கிது..."

"வெளிய போங்க கலா. உடனே அந்த அறையை விட்டு வெளிய போங்க."

பின்னால் நின்ற லாரி ஹாரனை அழுத்தியது. இணைப்பு அறுந்துவிட்டது.

திரும்பக் கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மீண்டும். எடுக்கவில்லை. தாஸைக் கூப்பிட்டேன். தகடு எடுக்கப் பாரிமுனைப் பக்கம் போவதாக முந்தின நாள் சொல்லியிருந்தார். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது குரல். பட்டறைக்குப் பக்கத்தில் வேறு யாருடைய எண்ணும் என்னிடம் இல்லை. ஒரு நாட்டில் ஒரே ஒரு குடும்பத்தை மட்டும் தெரிந்து வைத்திருப்பது எப்படிப்பட்ட ஆபத்து என்று அப்போதுதான் புரிந்தது.

"வேகமா போக முடியாதா" என்று சலீமைக் கேட்டேன்.

"எங்க மா போறது? முன்னாடி பாரு, ஆம்புலன்ஸே வந்தாலும் நிக்கும்." அந்த நேரம் பார்த்து ஆட்டோவும் தண்ணீரில் மூச்சை விட்டது.

நான் இறங்கி நடக்கத் தொடங்கினேன். முழங்கால் தண்ணீர், செருப்பு ஒன்று போய்விட்டது. சலீம் குடையோடு பின்னால் ஓடி வந்தார். "டென்ஷன் ஆவாத மா. இன்னா விஷயம், சொல்லு."

பத்து மாதத்தில் முதல் முறையாக, பெயர் மட்டுமே தெரிந்த ஓர் ஆளிடம், ஒரு வரியில் சொன்னேன். "மூடின அறைக்குள்ள ஒரு பொண்ணு தணல் பக்கத்துல இருக்கு. அந்தக் காத்து ஆளக் கொல்லும். எங்க வீட்டுக்காரருக்கு நான் அதச் செஞ்சேன்."

சலீம் என்னை ஒரு கணம் பார்த்தார். குடையை மடக்கினார். "அப்ப இன்னாத்துக்கு நடக்குற? ஓடு."

ஓடினோம். எனக்கு நாற்பத்தொன்பது வயது. மலையில் நடந்த கால்கள்தான், ஆனாலும் மூச்சு இரைத்தது. மேம்பாலத்தின்மேல் காற்று எங்களைப் பக்கவாட்டில் தள்ளியது. ஓடும்போது என் மனதில் கலாவின் முகம் வரவில்லை. வெறும் தரையில் கன்னத்தை வைத்துக் கிடந்த என் கணவரின் முகம்தான் வந்தது. தலை வலிக்கிறது என்றாரே கலா. அடுத்தது குமட்டல். அதற்கு அடுத்தது கால்கள். கால் தளர்ந்துவிட்டால் கதவு பக்கத்திலேயே இருந்தாலும் போய்ச் சேர முடியாது. இவையெல்லாம் எனக்கு வரிசையாகத் தெரிந்திருந்தன. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கலாவுக்கும் தெரிந்திருக்கும்.

பட்டறையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. மழைக்கு வேலையாட்கள் யாரும் வரவில்லை. குனிந்து உள்ளே நுழைந்தோம். பின் அறையின் கதவு சாத்தியிருந்தது. தண்ணீர் உள்ளே வராமல் இருக்க, கதவுக்கு அடியில் பழைய துணியைத் திணித்து வைத்திருந்தார் கலா. சலீம் தோளால் இடித்தார்.

உள்ளே இருந்த வாசனையை நான் மறக்கவே மாட்டேன். சோப்பு வாசனை. வெயிலில் உலர்ந்த துணிபோல, சுத்தமான, நல்ல வாசனை. புகை ஒரு இழை இல்லை. கயிற்றில் வெள்ளைச் சட்டைகளும் நீல நிக்கர்களும் மொடமொடவென்று தொங்கின. அடுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் தணல் அமைதியாகச் சிவந்திருந்தது. குழாயின் கைப்பிடி குறுக்கே நின்றது. கலா சுவரில் சாய்ந்து, ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தார். கண்கள் பாதி திறந்திருந்தன. தொலைபேசி மடியில் இருந்தது.

"மூச்ச அடக்கிக்கங்க, உள்ள நிக்காதீங்க" என்று சலீமிடம் சொல்லிவிட்டு நுழைந்தேன். ஆளுக்கு ஒரு கையாக இழுத்தோம். மழைக்குள் கொண்டுபோய்ப் போட்டோம். பட்டறை வாசலில், சேற்றில், கொட்டுகிற மழையில் கலாவின் முகத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மார்பு ஏறி இறங்கியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறியது, இறங்கியது. பிறகு கலா இருமி, வாந்தி எடுத்தார். ஒரு மனுஷி வாந்தி எடுப்பதைப் பார்த்து நான் கடவுளைக் கும்பிட்டது அன்றுதான்.

மீன் பெட்டி ஏற்றிப் போன ஒரு சின்ன வண்டியைச் சலீம் கையை விரித்து மறித்தார். ஐஸ் தண்ணீர் ஒழுகும் பெட்டிகளுக்கு நடுவே கலாவைப் படுக்க வைத்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இளம் மருத்துவர் ஒருவர், என்ன நடந்தது என்று கேட்டார். மூடின அறை, விறகுத் தணல், குழாய் அடைத்திருந்தது, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இருக்கும் என்று வரிசையாகச் சொன்னேன். "உங்களுக்கு எப்படி இவ்வளவு கரெக்டா தெரியும்?" என்று கேட்டுக்கொண்டே பிராணவாயு மூடியை மாட்டினார். பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை.

மத்தியானம் தாஸ் தொப்பலாக நனைந்து வந்து சேர்ந்தார். கலா கண் திறந்து, பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று கேட்டிருந்தார். அதைக் கேட்டதும் தாஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீ மட்டும் வரலன்னா கா... நீ எங்க குலசாமி கா."

அந்த வார்த்தையைத் தாங்க முடியவில்லை. வராந்தாவிலேயே நின்று சொன்னேன். என் கணவரை, தட்டை, வெடிப்பு என்று சொன்ன பொய்யை, கருவியைப் பற்றிச் சொன்ன அரைகுறை விளக்கத்தை, எல்லாவற்றையும். தாஸ் என் கைகளை விட்டார்.

"நேத்து நான் கேட்டேன்ல கா. இன்னாத்துக்கு வெட்டணும்னு கேட்டேன்."

"கேட்டீங்க தம்பி."

"அப்ப சொல்லிருக்கலாம்."

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மழை நான்காம் நாள்தான் விட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகப் பயமாக இருந்தது. ரொட்டியும் ஆரஞ்சுப் பழமும் வாங்கிக்கொண்டு வாசல்வரை போய், இரண்டு முறை திரும்பினேன். மூன்றாம் முறை சலீமின் ஆட்டோ எதிரே வந்து நின்றது. அவரும் கலாவைப் பார்க்கத்தான் வந்திருந்தார். "வா மா" என்று முன்னால் நடந்தார். பின்னால் போனேன்.

கலா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தாஸ் சொல்லியிருந்தார் என்று பார்த்ததுமே தெரிந்தது. பழத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"நா மூக்க நம்புனேன் கா. நீ அத்தப் பாத்துக்கினே இருந்த."

"ஆமா."

"உன் வூட்டுக்காரருக்கு இன்னும் தெரியாதா?"

"தெரியாது."

"அவரு அந்த அடுப்பாண்டதானே குந்தப் போறாரு. அவருக்குத் தெரியாம எப்டி கா கொண்டும்போய் வெப்ப?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல் கேட்டார். நான் பழத்தை உரித்துக் கொடுத்தேன்.

ஐந்தாம் நாள், எனக்கு அடுப்பு கிடைக்காது என்ற எண்ணத்தோடுதான் பட்டறைக்குப் போனேன். தாஸ் குழாயைக் கழற்றித் தட்டை வெளியே எடுத்து வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் சுண்ணாம்புக் கட்டியை நீட்டினார். "நீயே கோடு போடு. எம்மாம் வெட்டணும்?" வட்டத்தில் கால்வாசியைக் கோடு போட்டுக் காட்டினேன். பொறி பறக்க வெட்டினார். இரண்டு நாள் உழைத்து நூல் இடைவெளி இல்லாமல் உட்கார வைத்த தட்டின் ஒரு துண்டு தரையில் விழுந்து உருண்டது. அவர் அதைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இன்னும் இரண்டு தட்டுகள் இருந்தன. வேறு யாரோ கேட்ட அடுப்புகளுக்கானவை. அவற்றிலும் கோடு போடச் சொன்னார்.

பின் அறையின் ஜன்னல் அடைப்பைப் பிரித்துவிட்டிருந்தார்கள். கதவைக் கழற்றியே வைத்திருந்தார்கள். காலையில்தான் வீடு திரும்பியிருந்த கலா, அறைக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளைக் கருவிக்கு மீண்டும் பேட்டரி போட்டு, அதைத் தன் மடியிலேயே வைத்திருந்தார்.

"இன்னிக்கு நீ பத்த வை கா" என்றார் தாஸ்.

முழங்காலிட்டு உட்கார்ந்தேன். கைப்பிடியைக் குழாயோடு நேராக நிறுத்தினேன். கீழ்த் தகடு, மேல் தகடு, இரண்டும் முழுக்கத் திறப்பு. சிறாய் அடுக்கித் தீக்குச்சி கிழித்தேன். மூன்று குச்சி உடைந்தது. நான்காவது பற்றியது. செய்யச் செய்ய வாய்விட்டுச் சொன்னேன். விறகு போட வேண்டுமென்றால் முதலில் குழாய்த் தட்டைத் திறக்க வேண்டும், பிறகு கதவை ஒரு விரல் அளவு, பிறகுதான் முழுக்க. தீயைக் குறைக்க வேண்டுமென்றால் கீழ்க் காற்றைக் குறைக்கலாம், தணல் இருக்கும்வரை குழாயை அடைக்கக் கூடாது. அறையில் எங்கேயாவது வெளிக்காற்று வர வழி இருக்க வேண்டும். தலை வலித்தால் யோசிக்காமல் வெளியே போக வேண்டும். இவ்வளவுதான். ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டேன்.

தணலானதும், வெட்டிய தட்டை மூடிப் பார்க்க வேண்டியிருந்தது. கைப்பிடியைப் பிடித்தேன். திருப்பினேன். டக் என்ற அதே சத்தம். கலா நீட்டிய கருவியை அடுப்பை ஒட்டி வைத்தேன்; எல்லோரும் அதையே பார்த்தோம். அதன் சின்னத் திரையில் பூஜ்யம் நின்றது. கால் மணி நேரம் ஆகியும் பூஜ்யமே நின்றது. நான் எழுந்து வெளியே வந்து, தைரியம் போவதற்குள் வீட்டுக்குத் தொலைபேசி போட்டேன்.

"யாரு... வசந்தாவா" என்றார் என் கணவர்.

அடுப்பு எரிகிறது என்று சொல்லிவிட்டு, நிறுத்தாமல் மீதியையும் சொன்னேன். அன்றைக்குத் தட்டை மூடியது நான். அடுப்பில் வெடிப்பு எதுவும் இல்லை. இங்கே அதைச் சொல்லாமல் விட்டதால் ஒரு பெண் சாகப் பார்த்தது.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அவருக்கு வார்த்தை தேட நேரம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் இது அந்த மௌனம்தானா என்று தெரியவில்லை.

"வெடிப்பு... இல்லையா" என்றார்.

"இல்லங்க."

"நல்ல அடுப்ப... உடச்சு இரும்புக்குப் போட்டுட்டமே."

எனக்கு அழுகைதான் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவர், "அந்தப் பொண்ணு... பக்கத்துல இருக்கா" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "குடு" என்றார்.

தொலைபேசியைக் கலாவிடம் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றேன். அவர் கேட்டது எனக்குக் கேட்கவில்லை. கலா சொன்னது மட்டும் கேட்டது.

"ஆமாண்ணே, மொதல்ல தலதான்... ஆங், அதே மாரி. காலு எங்க கீதுன்னே தெர்ல. கதவு தோ கீது, பாக்குறேன், எய்ந்துக்கணும்னே தோணல... நீங்களும் அப்டிதான் நெனச்சிங்களா? தூக்கம்னுதான் நானும் நெனச்சேன்... இல்லண்ணே, வாசன ஒண்ணியும் இல்ல. இப்பவும் காலைல தலைய சுத்துது. உங்களுக்கு எத்தினி நாள் இருந்திச்சு?"

இந்தக் கேள்விகளில் ஒன்றைக்கூட நான் அவரிடம் கேட்டதில்லை. கேட்டால் பேச்சு எங்கே போகும் என்ற பயத்தில் பத்து மாதம் அவரிடம் மருந்து சாப்பிட்டீர்களா என்பதைத் தவிர வேறெதையும் கேட்கவில்லை. இப்போது கடல் தாண்டி ஒரு பட்டறை வாசலில் உட்கார்ந்து, கலா அவர் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்து, ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு தடவை இரண்டு பேரும் சிரித்தார்கள் என்றுகூட நினைக்கிறேன்.

வெகுநேரம் கழித்துக் கலா தொலைபேசியை நீட்டினார். வாங்கிக் காதில் வைத்தேன். ஓய்ந்திருந்தது.

"வெச்சிட்டாரு கா" என்றார் கலா. "நாளைக்குப் பேசுறேன்னாரு."

"எங்கிட்டயா?"

"இல்ல கா. எங்கிட்ட."